மேட்டூர் தெர்மல்: ஓட்டுவதா, திருத்துவதா, மூடுவதா?

மேட்டூர், மேச்சேரி, ஓமலூர் பக்கமிருந்து கேட்கிறவர்களின் குழப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தெர்மலை, அதாவது மேட்டூர் அனல்மின் நிலையத்தை, மூடச் சொல்லி மனு வந்தால் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? மூடினால் 2012-ல் பட்ட மின்வெட்டு திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மூடாவிட்டால் இந்தச் சாம்பலையும் புகையையும் இன்னும் எத்தனை வருஷம் தாங்குவது என்ற கோபம் இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயம். ஆனால் ‘மூடு’, ‘மூடாதே’ என்று இரண்டே வழி இருப்பதுபோலப் பேசத் தொடங்கியதும் பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. வழிகள் நான்கு இருக்கின்றன. எது நல்லது என்பதும் எந்த அலகை (நிலையத்துக்குள் தனியாக ஓடும் மின்உற்பத்தித் தொகுதியை) பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

ஏனென்றால் மேட்டூரில் இருப்பவை இரண்டு நிலையங்கள். பழையதில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு, மொத்தம் 840 மெகாவாட், 1987-லிருந்து 1990-க்குள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியவை. புதியது 600 மெகாவாட் ஒற்றை அலகு, 2013-ல் வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய கால் நூற்றாண்டு வயது வித்தியாசம். நிலக்கரி ஒடிசாவின் தால்ச்சர், இப் பள்ளத்தாக்குச் சுரங்கங்களில் கிளம்பி, ரயிலில் பாராதீப் துறைமுகம், கப்பலில் எண்ணூர், மறுபடி ரயிலில் மேட்டூர் என்று ஏறி இறங்கி ஏறி இறங்கி வருகிறது. தண்ணீர் காவிரியில் எடுப்பது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக்கொள்வோம், பின்னால் எல்லா இடத்திலும் இது தேவைப்படும். பழைய நான்கு அலகுகளும் ஒருநாள் முழுத்திறனில் ஓடினால் இரண்டு கோடி யூனிட் வரும். யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 14,000 டன், அதாவது மூன்று நான்கு சரக்கு ரயில். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30-லிருந்து 45 சதவீதம் வரை இருக்கும். 35 என்று எடுத்தால்கூட ஒரே நாளில் 4,900 டன் சாம்பல் மிஞ்சுகிறது. யூனிட்டுக்கு ஒரு கிலோ என்ற அளவில் கார்பன் டை ஆக்சைடு 20,000 டன். கந்தகம் நம் நாட்டு நிலக்கரியில் குறைவுதான், அரை சதவீதம் அளவு. ஆனால் 14,000 டன்னில் அரை சதவீதம் என்றால் 70 டன், அது எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகும்போது எடை இரட்டிப்பாகும். எல்லா நாளும் எல்லா அலகும் ஓடுவதில்லை என்பதால் நிஜ அளவு இதற்குக் கீழேதான் இருக்கும், ஆனாலும் எதற்கு எது எவ்வளவு என்ற விகிதம் மனதில் இருக்கட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது காற்று. புகைபோக்கியில் வெளியேறும் தூசு ஒன்று, புகைபோக்கியில் வாயுவாக வெளியேறி வழியில் தூசாக மாறுவது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மிதந்து நுண்துகளாக மாறுகின்றன, நுரையீரலின் அடி வரை போகிற அளவு சிறிய துகள். அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும், அதனால் புகைபோக்கிக்குக் கீழே நிற்கிற ஊரில் கருவி வைத்து அளந்தால் முழு உண்மை தெரியாது. சேலம் ஊரோ சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று மலைகள் சூழ்ந்த பள்ளம். மார்கழி, தை காலைகளில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகொள்ள, புகை மேலே எழ வழியில்லாமல் தேங்கி நிற்கும். ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது கீழே தெரிகிற மங்கலான போர்வை அதுதான். அது முழுக்கத் தெர்மல் புகை என்று சொன்னால் பொய். லாரி, உருக்காலை, குப்பை எரிப்பு, செங்கல் சூளை எல்லாம் சேர்ந்தது. மேட்டூரிலேயே ரசாயனம், அலுமினியம் என்று வேறு தொழில்களும் பல காலமாக இருந்து வந்திருக்கின்றன. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த கணக்கில் மேட்டூர் ‘கடுமையாக மாசடைந்த’ பகுதிகளின் வரிசையில் வந்தது, அது இவை அத்தனையின் கூட்டு விளைவு.

இரண்டாவது சாம்பல். என்னைக் கேட்டால் இதுதான் முதலாவதாக இருக்க வேண்டியது. புகை காற்றோடு போகிறது, சாம்பல் இங்கேயே இருக்கிறது. அதில் ஆர்சனிக், குரோமியம், ஈயம், செலினியம் எல்லாம் சிறு அளவில் உண்டு. உலர்ந்த சாம்பலைச் சிமெண்டுக்கும் செங்கல்லுக்குப் பதிலான சாம்பல் கல் அறுக்கவும் கொடுத்துவிட்டால் பெரும்பகுதி கட்டிடத்துக்குள் பூட்டப்பட்டுவிடும். தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்பினால் அங்கே ஆண்டுக்கணக்கில் ஊறி, நிலத்தடியில் இறங்க வாய்ப்புக் கிடைக்கும், ஆடிக்காற்றில் மேல்பரப்பு காய்ந்து பறக்கும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். மேட்டூரிலிருந்துதான் சேலம் மாநகராட்சிக்குக் குடிநீர் வருகிறது, கீழே பவானி, ஈரோடு என்று காவிரிக்கரை ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கே சாம்பல் குளத்தின் அணைக்கரை எவ்வளவு உறுதி என்பதைச் சாம்பல் குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

அப்புறம் தண்ணீர். அனல்மின் நிலையங்களுக்கு 2015-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஒரு மெகாவாட்-மணிக்கு (ஆயிரம் யூனிட் மின்சாரத்துக்கு) 3.5 கன மீட்டர் வரை எடுக்கலாம். அந்த வரம்புக்குள் நின்றாலும் 840 மெகாவாட் முழுநாள் ஓட ஏழு கோடி லிட்டர் வேண்டும்.

நான்காவது மாலை ஆறு மணி. பகலில் கரண்ட் கிடைப்பது இப்போது பெரிய விஷயமில்லை. வெயில் இறங்கியதும் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாம் ஒன்றாகப் போடுகிற அந்த நான்கு மணி நேரத்துக்கு யார் கொடுப்பார் என்பதே கேள்வி. அம்மாப்பேட்டைத் தறிக்காரருக்கும், சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்கும், சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கும் இது பிழைப்பு. கரண்ட் நின்றால் ஜெனரேட்டர் ஓடும், டீசல் புகை புகைபோக்கி உயரத்தில் போகாமல் மூக்கு உயரத்தில் போகும், அதையும் மாசுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பணத்தைப் பேசும்போது ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: மொத்தச் செலவு எவ்வளவு என்பதைவிட, அந்தச் செலவு எத்தனை ஆண்டுகளில் எத்தனை யூனிட்டுக்குப் பிரியும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

## வழி 1: இப்படியே ஓட்டுவது

புதிதாக யாரும் கடன் வாங்க வேண்டாம், கட்டுமானச் செலவு எப்போதோ அடைந்துவிட்டது, வேலை பார்ப்பவர்களுக்கு நாளைக்கு வேலை இருக்கும். மாலை ஆறு மணிக்குக் கரண்ட் நிச்சயம். இந்த வழிக்கு இருக்கிற பலம் இவ்வளவுதான், ஆனால் சின்னப் பலம் இல்லை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையில் 840 மெகாவாட்டை யாரும் லேசாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்று பார்த்தால், முதலில் நிலக்கரி. வந்து சேரும் விலை டன்னுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட யூனிட்டுக்கு எரிபொருள் மட்டும் மூன்றரை ரூபாய் ஆகிறது. பழைய கொதிகலன் வயதாக ஆக அதே யூனிட்டுக்குக் கூடுதல் நிலக்கரி கேட்கும், குழாய்க் கசிவு என்று அடிக்கடி நிற்கும். 2024 டிசம்பரில் மேட்டூரில் நிலக்கரித் தொட்டி சரிந்து இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பழைய நிலையத்தில் இரும்புக் கட்டுமானங்களை விடாமல் சோதிப்பதும் மாற்றுவதும் பெரிய செலவு, அதைச் செய்யாமல் விட்டால் விலை கொடுப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிக்கு வந்தவர்தான்.

இன்னொரு செலவு பகலில் நடக்கிறது. அனல்மின் அலகைக் கேஸ் அடுப்பு மாதிரி மதியம் அணைத்து மாலையில் பற்றவைக்க முடியாது. முழுக்கக் குளிர்ந்த கொதிகலனைத் திரும்பச் சூடேற்றிக் கரண்ட் எடுக்கப் பல மணி நேரம் ஆகும், அதற்கு எண்ணெய் எரிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் குழாய்கள் விரிந்து சுருங்கித் தேயும். அதனால் மாலைக்குத் தேவை என்றால் பகலிலும் குறைந்தபட்சம் பாதித் திறனுக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மத்திய மின்சார ஆணையம் 2023-ல் வைத்த அளவு 55 சதவீதம். நாலு மணி நேரத் தேவைக்காக இருபத்து நாலு மணி நேரப் புகை என்பது இப்படித்தான் வருகிறது. மாலை மின்சாரத்தின் நிஜ விலையை யூனிட் கணக்கில் போட்டால் இது உள்ளே வந்தாக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு வெளியே ஒரு செலவும் இருக்கிறது. நமக்கு வருகிற நிலக்கரி தோண்டப்படுகிற அங்குல்–தால்ச்சர் பகுதி, அதே 2009 கணக்கில் மேட்டூரைவிட மோசமான ‘மிகக் கடுமையாக மாசடைந்த’ பட்டியலில் இருந்தது. அங்கே நிலம் போனவர்களும் தூசு தின்றவர்களும் நம் மின்கட்டணத்தில் எங்கேயும் இல்லை.

எப்போது இது சரியான வழி? மாற்று ஏற்பாடு தயாராகும் வரை இரண்டு மூன்று கோடைகளைக் கடக்க மட்டும். அதற்கு மேல் என்னால் இதற்கு வாதாட முடியவில்லை.

## வழி 2: மாசுக்கருவிகளைப் பொருத்தி ஓட்டுவது

இதைப் பற்றித்தான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘கருவி பொருத்துவது’ என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம், உண்மையில் தனித்தனியாக மூன்று நான்கு வேலைகள் அதில் இருக்கின்றன, செலவும் பலனும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுக்கு வேறுபடும்.

முதல் வேலை தூசு பிடிக்கிற இஎஸ்பி. இது எல்லா அலகிலும் ஏற்கெனவே இருக்கிறது. புகையில் உள்ள சாம்பலுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தகட்டில் ஒட்டவைப்பது. நன்றாக இருந்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும், ஆனால் கந்தகம் குறைந்த நிலக்கரியின் சாம்பல் மின்னூட்டத்தை எளிதில் விடாது, அதனால் நம் நிலக்கரிக்குப் பெரிய இஎஸ்பி வேண்டும், பழையதாகிவிட்டால் பலன் சட்டென்று விழும். 2015 டிசம்பரில் வந்த விதிப்படி 2004-க்கு முன்பு கட்டிய அலகுக்குத் தூசு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம், அதற்குப் பின் 2016 வரை கட்டியதற்கு 50. இஎஸ்பியைப் புதுப்பிப்பது மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு, பலன் அடுத்த நாளே பக்கத்து ஊரில் தெரியும். இதைச் செய்யக்கூடாது என்று சொல்ல எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது எஃப்ஜிடி. சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துப் புகையில் தெளித்து, கந்தக டை ஆக்சைடை ஜிப்சமாக மாற்றுகிற பெரிய அமைப்பு. இதற்குத்தான் பத்து ஆண்டாகச் சண்டை. 2015 விதி இரண்டு ஆண்டுக் கெடு வைத்தது, கெடு தள்ளித் தள்ளிப் போனது, கடைசியில் 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ, மிகக் கடுமையாக மாசடைந்ததாக அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கோ, காற்றுத் தரத்தில் பின்தங்கிய நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் வராத நிலையங்களுக்கு, அதாவது நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு, கந்தக வரம்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் அளந்த அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது சொன்ன காரணம். அளந்தது சரியாகவே இருக்கலாம், ஆனால் வாயு துகளாக மாறித் தொலைவில் போய் விழுவதைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் வைத்த வாயுக் கருவி காட்டாது என்று மேலே சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது. சேலத்திலிருந்து மேட்டூர் ஐம்பது கிலோமீட்டர். துகளுக்கு அது ஒரு தூரமே இல்லை, விதிக்கு அது வெகுதூரம்.

சரி, அப்படியானால் எல்லா அலகுக்கும் எஃப்ஜிடி கேட்கலாமா? இங்கேதான் ஆண்டுக்கணக்கு வருகிறது. மெகாவாட்டுக்கு ஒரு கோடி ரூபாயை ஒட்டிச் செலவு என்று வைத்துக்கொள்வோம். பழைய 840 மெகாவாட்டுக்கு 840 கோடி. அவை அறுபது சதவீதத் திறனில் இன்னும் ஐந்து ஆண்டு ஓடும் என்றால், வட்டி இல்லாமலே யூனிட்டுக்கு 38 பைசா. புதிய 600 மெகாவாட்டுக்கு 600 கோடி, அது பதினைந்து ஆண்டு ஓடினால் 13 பைசா. அதே கருவி, அதே வேலை, மூன்று மடங்கு வித்தியாசம். இதைவிட மோசமான விளைவு ஒன்று: பழைய அலகுக்கு 840 கோடி கொட்டிவிட்டால், போட்ட காசை எடுக்க வேண்டும் என்பதே அதை இன்னும் பத்து ஆண்டு ஓட்டுவதற்குக் காரணமாகிவிடும். காற்றுக்காகப் போட்ட பணம் சாம்பலைப் பெருக்கும்.

எஃப்ஜிடிக்கே மறைந்த செலவுகள் உண்டு. நிலையம் தயாரிக்கிற மின்சாரத்தில் ஒரு சதவீதமோ கொஞ்சம் கூடுதலோ அதுவே தின்னும், அந்த அளவுக்கு நிலக்கரி கூடும். தண்ணீர் கூடுதலாக வேண்டும். ஒரு டன் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்க ஒன்றரை டன்னுக்கு மேல் சுண்ணாம்புக் கல், அதற்காக இன்னொரு மலையில் வெட்டு விழும். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக் கல் சுரங்கத்துக்கு அருகில் இருப்பவர்களிடம் கேட்டால் அந்த வெட்டு எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். கிடைக்கிற ஜிப்சம் சுத்தமாக இருந்தால் சிமெண்டு ஆலை வாங்கும், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு குளம்.

மூன்றாவது வேலை உலர் சாம்பல் சேகரிப்பு. 1999-ல் முதல் விதி வந்தது, 2021 டிசம்பர் விதி இன்னும் கடுமையானது: நூறு சதவீதச் சாம்பலையும் பயன்படுத்தியாக வேண்டும், ஏற்கெனவே குளத்தில் தேங்கியதையும் பத்து ஆண்டுக்குள் படிப்படியாகத் தீர்க்க வேண்டும். மேட்டூரைச் சுற்றிச் சாம்பல் கல் அறுக்கிற தொழில் வளர்ந்ததே இந்தச் சாம்பலால்தான். வயல் மண்ணை வெட்டிச் சூளையில் சுடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் தினமும் விழுகிற அளவைக் கல்லும் சிமெண்டும் சேர்ந்தாலும் எல்லாக் காலத்திலும் உறிஞ்ச முடியாது, மழைக்காலத்தில் கட்டுமானம் படுத்துவிடும், அப்போது மிச்சம் குளத்துக்குத்தான் போகும்.

இந்த வழி இளைய அலகுக்கு மிகப் பொருத்தம். கார்பன் டை ஆக்சைடை மட்டும் இது ஒரு கிராம்கூடக் குறைக்காது, கொஞ்சம் கூட்டும்.

## வழி 3: இடித்துவிட்டு அங்கேயே புதிய அனல் நிலையம்

இது நன்றாக ஒலிக்கிற வழி, மேட்டூருக்குப் பொருந்தாத வழி. மிக உயர்ந்த அழுத்தத்தில் நீராவி எடுக்கிற புதிய சூப்பர்கிரிட்டிகல் அலகு அதே யூனிட்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குறைவான நிலக்கரி கேட்கும், மாசுக்கருவிகள் கட்டும்போதே உள்ளே வரும். நிலக்கரி கட்டாயம் என்று ஆகிவிட்டால் பழையதைவிட இது மேல் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒருமுறை கட்டினால் இருபத்தைந்து, முப்பது ஆண்டு ஓட்டியே தீர வேண்டும், இல்லாவிட்டால் கடன் அடையாது. நம் மாநிலத்தில் உடன்குடி மாதிரித் திட்டங்கள் ஒப்பந்தம் போட்டு எத்தனை ஆண்டு இழுத்தன என்பதைப் பார்த்தாலே காலக்கணக்கு புரியும். அதோடு, கடற்கரை நிலையத்துக்குக் குளிர்விக்கக் கடல்நீர் இருக்கிறது, நிலக்கரி கப்பலிலிருந்து நேரே இறங்குகிறது (அங்கே மீனவர்களுக்கு வேறு விதமான பாதிப்பு இருக்கிறது, அது தனிக் கட்டுரைக்கு உரியது). மேட்டூரில் ஆற்றுநீர்தான், நிலக்கரி இன்னொரு ரயில் ஏறித்தான் வர வேண்டும். 1980-களில் கரூர், ஈரோடு, சேலம் தொழில்களுக்குப் பக்கத்தில் மின்சாரம் வேண்டும் என்ற காரணம் வலுவாக இருந்தது. கம்பிகள் இவ்வளவு வலுத்த பிறகு அதே இடத்தில் மறுபடி கட்ட அந்தக் காரணம் போதாது.

## வழி 4: மூடிவிட்டு வெயில், காற்று, சேமிப்பு

விலையில் இது முந்திவிட்டது. நாட்டில் புதிய சூரியமின் ஏலங்கள் யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய் அளவில் முடிகின்றன, சில மணி நேரச் சேமிப்பும் சேர்ந்தவை மூன்று, மூன்றரை ரூபாய் அளவில். மேலே பார்த்த மூன்றரை ரூபாய் பழைய அலகுக்கு எரிபொருள் மட்டும். காற்று, சாம்பல், தண்ணீர் மூன்றிலும் ஒப்பிடவே வேண்டாம்.

அதனால் இதன் பலவீனங்களைப் பேசுவதுதான் உபயோகம். பழைய நான்கு அலகுகள் அறுபது சதவீதத்தில் ஓடினால் ஆண்டுக்கு 440 கோடி யூனிட். ஒரு மெகாவாட் சூரியமின் தகடு நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் அளவு தரும், ஆகவே அதே யூனிட்டைத் தர 2,750 மெகாவாட் வேண்டும், நிலம் 12,000 ஏக்கரை ஒட்டி. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் ஆனது. இவ்வளவு நிலம் எங்கே என்றால், ‘தரிசு’ என்று தாளில் எழுதியிருப்பது பல இடங்களில் ஆடு மேய்ப்பவரின் மேய்ச்சல் காடு. அவரிடம் பட்டா இருக்காது, அதனால் இழப்பீடும் வராது. நிலக்கரியின் சுமையைத் தால்ச்சர்க்காரர் சுமந்த மாதிரி இதன் சுமையை அவர் சுமந்தால், ஆள்தான் மாறியிருக்கும். காற்றாலையும் கூரைத் தகடும் சேர்ந்தால் நிலத்தேவை கணிசமாகக் குறையும், மூடி மண் போர்த்திய சாம்பல் குளத்தின் மேலேயே தகடு போடலாம், ஆனால் இதையெல்லாம் யாராவது முன்கூட்டியே திட்டத்தில் எழுத வேண்டும்.

பருவம் நமக்கு ஓரளவு கைகொடுக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலைப் பக்கம் காற்று அடிக்கிறது. ஜூன் 12 வழக்கப்படி மேட்டூர் அணை திறந்தால் அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம், கீழே செக்கானூர் தொடங்கி நான்கு கதவணைகள் என்று 370 மெகாவாட் அளவுக்கு நீர்மின்சாரம் இதே ஊரில் எடுக்க வசதி இருக்கிறது. மாசி முதல் சித்திரை வரை வெயில் உச்சம். இடிக்கிற இடம் ஐப்பசி, கார்த்திகை: மேகம் மூடியிருக்கும், காற்றும் இருக்காது. நல்லவேளையாக அந்த மாதங்களில் தேவையும் குறைவு.

மாலைக்குச் சேமிப்பு வேண்டும். 840 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தர 3,360 மெகாவாட்-மணி. பேட்டரி ஒரு வழி. தண்ணீரைப் பகலில் மேலேற்றி மாலையில் இறக்கும் நீரேற்று நிலையம் இன்னொரு வழி, காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு 1980-களிலிருந்தே இருக்கிறது, நீலகிரியில் குந்தா 500 மெகாவாட்டுக்கு வேலை இழுத்துக்கொண்டே போகிறது. சேமிப்பு வந்து இணைந்து ஓடத் தொடங்குவதற்கு முன்பே அலகை மூடினால், குறைகிற மின்சாரத்தை வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கவோ வெட்டவோ வேண்டிவரும், முதல் அடி சிறுதொழிலுக்கு விழும்.

வேலை இழப்பைப் பற்றி யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை. நிரந்தர ஊழியருக்கு இடமாற்றம் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவருக்கு, சாம்பல் லாரி ஓட்டுநருக்கு, சாம்பல் கல் அறுக்கிற சின்ன முதலாளிக்கு என்ன ஏற்பாடு? குளத்தில் இருக்கிற சாம்பல் கல் தொழிலுக்குச் சில ஆண்டு ஓடும், அதன் தரம் உலர்சாம்பல் அளவுக்கு இருக்காது. அப்புறம், மூடியதோடு சாம்பல் குளம் மறைந்துவிடாது. நிலையம் ஓடும்போது வருமானம் இருக்கிறது, கேட்டால் ஏதாவது செய்வார்கள். மூடிய பிறகு அந்தக் கரையைக் காவல் காக்க யார் பணம் ஒதுக்குவார்கள் என்பதை மூடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | காற்று | சாம்பல் | தண்ணீர் | மாலை மின்சாரம் | எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்படுகிறோம் |
|---|---|---|---|---|---|
| இப்படியே | மோசம், வயதோடு கூடும் | தினமும் சேரும் | அதிகம் | உறுதி | இல்லை |
| கருவிகளோடு | உள்ளூரில் நல்ல மாற்றம் | சேரும், உலர்வாக எடுத்தால் சமாளிக்கலாம் | இன்னும் கொஞ்சம் கூடும் | உறுதி | 10–15 |
| புதிய அனல் | பழையதைவிட மேல் | சற்றுக் குறையும் | ஆற்றுநீர்தான் | உறுதி, வரப் பல ஆண்டாகும் | 25–30 |
| வெயில், காற்று, சேமிப்பு | சுத்தம் | புதிதாகச் சேராது, பழையது கிடக்கும் | மிகக் குறைவு | சேமிப்பு வந்தால் மட்டும் | 25, படிப்படியாக மாற்றலாம் |

## என் முடிவு

840-க்கும் 600-க்கும் ஒரே பதில் சொல்லக்கூடாது.

பழைய நான்கு அலகுகளுக்கு எஃப்ஜிடி கேட்க வேண்டாம். இஎஸ்பியைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும், உலர் சாம்பல் எடுப்பதை முழுமையாக்கச் சொல்ல வேண்டும், காற்று அடிக்கிற மாதங்களில் முழுக்க நிறுத்திவைத்துக் கோடையில் மட்டும் ஓட்டச் சொல்ல வேண்டும். தினமும் அணைத்துப் பற்றவைப்பதுதான் கொதிகலனைக் கெடுக்கும், மாதக்கணக்கில் நிறுத்தி முறையாகப் பாதுகாப்பது அப்படி இல்லை. அந்த நிறுத்த மாதங்கள் கட்டுமானங்களைச் சோதிக்கவும் குளத்தைத் தூர்வாரவும் உதவும். ஒவ்வொரு 210 மெகாவாட்டுக்கும் ஈடான சேமிப்பு இணைந்து ஒரு கோடையைத் தாண்டிய பிறகு ஓர் அலகை நிரந்தரமாக மூட வேண்டும், நான்கையும் ஒரே நாளில் வேண்டாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-லும், நெய்வேலி முதல் அனல் நிலையம் 2020-லும் மூடப்பட்டன, ஊர் இருண்டுவிடவில்லை.

600 மெகாவாட் அலகு இன்னும் நெடுநாள் ஓடப் போகிறது. அதற்கு எஃப்ஜிடி வேண்டும் என்று, விலக்கு இருந்தாலும், அழுத்திக் கேட்கலாம். 13 பைசாவோ, வட்டியும் ஓட்டுச் செலவும் சேர்ந்து அதைப்போல இரண்டு மூன்று மடங்கோ, இந்தப் பள்ளத்தில் மூச்சுவிடுகிற லட்சக்கணக்கானவர்களுக்கு அது தகும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு மனித ஆயுளைப் பைசாவில் நிறுப்பது எனக்கும் பிடிக்காத வேலை, ஆனால் நிறுக்காமல் விட்டால் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்தியர் ஒருவரின் மின்நுகர்வு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை என்பதும், அதனால் ஏழை நாட்டுக்கு நிலக்கரியை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதும் அடிக்கடி கேட்கிற வாதம். உலக மேடையில் அது சரியான வாதம். மேட்டூரில் அது சரியில்லை, ஏனென்றால் இங்கே சாம்பலைச் சுவாசிக்கிறவரும் நாம்தான், கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறவரும் நாம்தான்.

ஆகவே மனு வந்தால் வாசித்துப் பாருங்கள். ‘உடனே மூடு’ என்று மட்டும் இருந்தால், சாம்பல் குளத்துக்குத் தனி நிதி, ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஏற்பாடு, சேமிப்புக்கு ஈடாக அலகு அலகாக மூடல் என்ற மூன்றையும் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘புதிய அலகு’ என்று அறிவிப்பு வந்தால் அதற்குச் சட்டப்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே அதை வாங்கி, நாளொன்றுக்கு எத்தனை டன் சாம்பல், அது எங்கே போகிறது, பழைய குளத்தின் கரையையும் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரையும் கடைசியாக யார் எப்போது சோதித்தார்கள் என்ற மூன்று விவரமும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அந்த மூன்றையும் எழுத்தில் கேட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.